கொழும்பில் ஏடு, கண்டியில் காலிக் கதிரை

பெறுநர்: இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் (கிரிப்), கொழும்பு.
பிரதி: மத்திய மாகாண முதலமைச்சர் (கதிரையில் யாராவது அமர்ந்தபின்).

கனம் ஐயா,

வலப்பனைத் தோட்ட லயங்களிலிருந்து வணக்கம். அரசாங்கத்தில் எங்களை மறக்காமல் இருப்பது நீங்கள்தான். மைத்துனனின் ஆட்டோ லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்து வைத்தவனையும் விடாமல் பதிந்து வைத்திருக்கிறீர்கள். கறுப்புப் பட்டியல் எதுவும் இல்லை என்கிறீர்கள், நம்புகிறோம். வங்கியில் "கிரிப்பில விழுந்திருக்கு" என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த நீங்கள், தெற்காசியாவிலேயே முதல் கொடுகடன் தகவல் பணியகமாம். கோபிக்க வேண்டாம், மலையகம் முந்திவிட்டது. கங்காணி காலத்தில் தொழிலாளியின் கடனைத் துண்டில் எழுதி, அதை அடைக்கிற தோட்டத்துக்கே ஆளை விட்டார்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்த முடிந்தது.

இப்போது அதிகாரம் முறையாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. 13ஆம் திருத்தப்படி கூட்டுறவுச் சங்கமும் வங்கி சாராத அடகுக்கடையும் மாகாணத்துக்கு. வங்கியும் நீங்களும் கொழும்புக்கு. கண்டியில் இருந்த எங்கள் மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பிறகு ஆளுநர் பார்த்துக்கொண்டார். அவரை அனுப்புவதும் கொழும்புதான்.

மோட்டார் சைக்கிளில் வரும் குழுக்கடன்காரர் யாருக்குச் சொந்தம் என்றுதான் புரியவில்லை. கோயில் மண்டபத்தில் பெண்களை ஒருவருக்கொருவர் பிணையாக உட்கார்த்தி வைப்பார். ஒருத்திக்குத் தவணை குறைந்தால் மற்றவர்கள் போட வேண்டும். போடும்வரை யாரும் எழும்ப முடியாது. கொழுந்து நிறுக்கப் போகிற நேரமும் போய்விடும். நுண்கடனுக்கு 35 வீதம்தான் உச்ச வட்டி என்று நிதிக் கம்பனிகளுக்கு மத்திய வங்கி சொன்னது. உரிமமே இல்லாதவரிடம் யார் போய்ச் சொல்வது? கொழும்புக்கு அவர் தூரம், கண்டியில் கேட்க ஆளில்லை.

ஆகவே ஒரு சிறு விண்ணப்பம். அரச தோட்டங்களை நடத்தும் ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தொழிலாளருக்குக் கட்ட வேண்டிய சேமலாப நிதி வருடக்கணக்காக நிலுவை. அது கடனில்லை என்பதால் உங்கள் ஏட்டில் ஏறாது. அதற்கும் ஒரு பக்கம் திறந்துவிடுங்கள். அடுத்த முறை தோட்டத்துரை கடன் கேட்டுப் போகும்போது, வங்கி மனேஜர் கணினியைப் பார்த்துத் தலையைச் சொறியட்டும். துரைக்குப் பிணை வேண்டுமென்றால் ஆள் அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் ஐந்து பேராக வந்து உட்காருகிறோம். நிலுவையைக் கட்டும்வரை அவரும் எழும்பக் கூடாது.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்டே பழகிய லயத்தார்