பானெட்டுப் பசலை

பழைய காரின் நிறம் ஏன் வெளுக்கிறது என்று அறிய வேதியியல் நூல்களைப் புரட்டுவோர், அகத்திணை இலக்கணத்தை ஏனோ மறந்துவிடுகிறார்கள். பாலைத் திணைக்குப் பொழுது வேனில் காலத்து நண்பகல். பறவைகளில் ஒன்று புறா. உரிப்பொருள் பிரிதலும் பிரிதல் நிமித்தமும். ஹைதராபாத்தில் மே மாதம், வெயில் 40 டிகிரியைத் தாண்டிய ஒரு நண்பகலில், புறாக்கள் அடையும் மாடிக்குக் கீழே தெருவோரமாக நிறுத்தப்பட்ட சிவப்பு மாருதி 800-ஐப் பாருங்கள். ஒன்றும் விடுபடவில்லை.

பிரிதல் எங்கே என்று கேட்பவர்களுக்கு: பெயிண்டில் நிறமித் தூளைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது பிசின். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து அந்தப் பிசினைச் சிதைக்கின்றன. பிசின் பிரிந்துபோக, தனித்து நின்ற நிறமி மாவாக உதிர்கிறது. பானெட்டைத் தடவினால் விரலில் இளஞ்சிவப்புப் பொடி ஒட்டும். இந்நிலையை ஒர்க்‌ஷாப்காரர்கள் 'பெயிண்ட் செத்துப்போச்சு' என்பார்கள். அது மிகை. சரியான சொல் பசலை. பிரிவில் மேனி வெளிறும் இந்நோய்க்கு வள்ளுவர் 119-ஆம் அதிகாரத்தை முழுதாக ஒதுக்கியிருக்கிறார்.

நோயை உறுதிசெய்யும் சோதனையும் சங்கப் புலவரிடமே இருக்கிறது. காதலர் தொடும்போது நீங்கி, கைவிட்டதும் திரும்பப் படரும் பசலையைக் கேணிப் பாசியோடு ஒப்பிட்டவர் பரணர் (குறுந்தொகை, 399). வெளிறிய பானெட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள்: ஷோரூமிலிருந்து வந்த நாளின் சிவப்பு தெரியும். காய்ந்ததும் வெளிறல் மறுபடி படரும். மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களைத் தண்ணீர் நிரப்பும் வரை ஒளி சிதறுவதில்லை, அவ்வளவுதான் சூட்சுமம். நனைத்தபோது நிறம் திரும்பினால் பாலிஷுக்குப் பலன் உண்டு. மேல்பூச்சு தோலாக உரிந்து நிற்கும் காருக்கு எந்த மெஷினும் உதவாது, மறுபடி பெயிண்ட் அடிப்பதே வழி.

மறுதரப்புச் சான்றும் இதே நகரத்தில் உண்டு. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் தருவித்த மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ், 1911-இல் அவர் இறந்த பிறகே வந்துசேர்ந்தது. சௌமஹல்லா அரண்மனையில் புதுப்பிக்கப்பட்டு நிற்கும் அந்த 1912-ஆம் ஆண்டு வண்டிக்கு வெயில் இல்லை, புறா இல்லை, எனவே பசலையும் இல்லை. மாருதி 800-க்கு அரண்மனை வாய்க்கவில்லை. புதிய மாசு விதிகளால் 2010 ஏப்ரலில் ஹைதராபாத் உட்பட 13 நகரங்களில் அதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. அதே ஆண்டு ஆந்திரப் பிரதேசத்திலிருந்து தெலங்கானா பிரிந்தது. புதிய வண்டிகள் முதலில் டி.எஸ். என்றும் 2024 முதல் டி.ஜி. என்றும் பலகை மாட்டிக்கொள்ள, இந்தப் பழைய மாருதிகள் இன்னும் ஏ.பி. பலகையோடு திரிகின்றன. பிரிவுத் துயர் இரட்டிப்பு.

அப்படி ஒரு வண்டியின் உரிமையாளர், பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பாலிஷ் மெஷின் வாங்க ராணிகஞ்ச் போனார். இனி அவர் 'ஆய்வாளர்'. சந்தையில் இரண்டு மரபுகள் உண்டு. ரோட்டரி ஒரே அச்சில், நிமிடத்துக்கு 3,000 சுற்று வரை சுற்றும். ஓரிடத்தில் இரண்டு நொடி அதிகம் நின்றால் பெயிண்ட் சூடேறிக் கருகும். டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ., சுற்றிக்கொண்டே அலையும். அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே நடுங்கும். கற்றுக்குட்டிக்கு இந்தக் கோழைத்தனமே காப்பு. மெஷின் முனையில் மாட்டும் பஞ்சுப் பேடு சுற்றுகிறதா என்று பார்க்க அதன் முதுகில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்வது வழக்கம். கடைக்காரர் டி.ஏ.வையே எடுத்துக் கொடுத்து, முழுச் செயல்முறையையும் ஒரே நூற்பாவில் அடக்கினார்: "ஹல்லு ஹல்லு, சாப்." தக்கனியில் மெல்ல மெல்ல என்று பொருள். உரையாசிரியர்கள் பக்கக்கணக்கில் எழுதுவதும் இதைத்தான்: கை நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது.

ஏன் இத்தனை நிதானம்? பாலிஷ் ஏதோ ஒன்றை மேலே பூசுகிறது என்பது பரவலான பிழைக்கொள்கை. அது சீவுகிறது. காரின் மொத்தப் பூச்சும் பொதுவாக 100 முதல் 140 மைக்ரான், அதாவது ஏறக்குறைய ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன். மேலே நிறமற்ற கிளியர்கோட் இருந்தால் அது அதில் பாதிகூட இராது. பழைய ஒற்றை நிறப் பெயிண்டில் பெரும்பாலும் கிளியர்கோட் கிடையாது. அதனால் பேடு சிவக்கும். காருக்குக் காயம் பட்டுவிட்டதாக எண்ணி அலறத் தேவையில்லை, வெளிவருவது பிசினைப் பிரிந்த நிறமி. பானெட்டின் விளிம்பிலும் மடிப்பிலும் பூச்சு இன்னும் மெலிசு என்பதால் அங்கே மாஸ்கிங் டேப்.

களஆய்வு ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கியது. ஒன்பது மணிக்குப் பிறகு பானெட்டு தோசைக்கல், பாலிஷ் பசையான கம்பவுண்டு காய்ந்து பிடித்துக்கொள்ளும். கழுவி, கிளே என்னும் களிமண் கட்டியைத் தேய்த்து, ஒட்டியிருந்த தூசியை எடுத்த ஆய்வாளர், பேடில் பட்டாணி அளவு கம்பவுண்டு நான்கு பொட்டு வைத்து, மெஷினை ஆகாயத்திலேயே ஓடவிட்டார். நான்கு பொட்டும் அவர் பனியன், துளசி மாடம், பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றிலும் சமமாகப் பங்கிடப்பட்டன. பேடைப் பரப்பில் வைத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும் என்ற விதி இவ்வாறு நிறுவப்பட்டது.

பிறகு ஒன்றரை அடிச் சதுரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நான்கு நடை. துடைத்ததும் அந்தச் சதுரத்தில் வேப்பமரத்தின் ஒவ்வொரு இலையும் தெரிந்தது. சுற்றிலும் பழைய ரோஸ் நிறம். புறத்தேர்வாளராகக் காபியுடன் வந்த மனைவி, எல்லைக்கோட்டை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பாதி நம்ம வண்டி. மீதி யாரோடது?"

பானெட்டு மட்டும் முடிய இரண்டரை மணி நேரம் ஆனது. மேலே ஒரு கோட்டு வேக்ஸ். கூரையும் நான்கு கதவுகளும் அடுத்தடுத்த ஞாயிறுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டன. இதற்கிடையில் அந்தத் தெருவில் வண்டி நிறுத்துவோர்க்கு ஆய்வாளரின் வேண்டுகோள்: புறா எச்சம் விழுந்தால் அன்றைக்கே ஈரத்துணியைப் போட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து எடுத்துவிடுங்கள். நகத்தால் சுரண்டாதீர்கள்.