பேனையால் குத்தும் புத்தி

ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு என் மடிக்கணினி சொன்னது: "வேண்டியது ஆர்ம்64, இருப்பது எக்ஸ்86_64." முக்கால் மணி நேரம் கம்பைல் ஓடி, கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் இடத்தில் வந்து இப்படிச் சொல்கிறது. அன்று அது மூன்றாம் தடவை. இதை மூன்றே கட்டளைகளில் தீர்க்கலாம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வரைபடம் வரையும் கியூஜிஐஎஸ் மென்பொருளைத் தயாராகவே இறக்கிக்கொள்ளலாமே என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. மிளகாய்த்தூள் கடையில் பைக்கற்றாகக் கிடைக்கிறது. உங்கள் அம்மா ஏன் மில்லுக்குப் போனார்? தவிர, என் தேவை பெரியது. கண்டியில் ஹந்தானைப் பக்கம் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம். அழைப்பிதழில் உள்ளங்கை அளவு வரைபடம் ஒன்று போட வேண்டும். போன மாதம் கைப்பேசி காட்டிய வழியை நம்பி வந்த மச்சான், யாரோ ஒருவருடைய தேயிலைக்குள் போய் நின்றார்.

குற்றம் நம்முடையதுதான். 2020இல் ஆப்பிள் இன்டெல் சில்லை விட்டு எம்1க்கு மாறியது. நாமும் மாறினோம், பழைய கணினியில் இருந்த ஒன்றையும் எறியாமல். மென்பொருள்களை நிறுவித் தரும் ஹோம்புரூ, பழைய இன்டெல் (எக்ஸ்86_64) பொருள்களை யூஎஸ்ஆர்-லோக்கல் என்ற இடத்தில் வைக்கும். புதிய ஆர்ம்64 பொருள்களை ஒப்ட்-ஹோம்புரூவில் வைக்கும். என் கணினியில் இரண்டும் இருக்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு அடுப்படி, இரண்டு மருமகள்.

வீடு என்றதும் பிளக் ஞாபகம் வருகிறது. புது வீட்டுச் சுவரெல்லாம் பதின்மூன்று அம்பியர் சதுரத் துளை. அதுதான் இனி நாட்டுத் தரமாம். நாங்கள் கொண்டுவந்த சாமானெல்லாம் அப்பா காலத்து வட்டப் பின். மேசை விசிறி ஐந்து அம்பியர், அயர்ன் பதினைந்து அம்பியர். வெளிநாட்டிலிருந்து அக்கா அனுப்பிய பிளெண்டருக்கு இரண்டே பின். அதைச் சதுரத் துளையில் செருக, மேல் துளையில் பேனையை விட்டுக் குத்தினால் கீழே இரண்டு கதவும் திறக்கும். எந்தப் பாடசாலையும் கற்பிக்காத, ஒவ்வோர் இலங்கையனுக்கும் தெரிந்த பௌதிகம் அது. அதற்கென்றே எங்கள் வீட்டில் ஒரு பேனை இருக்கிறது. எழுதாது. எழுதும் பேனை தேடினால் அதுதான் அகப்படும். அடாப்டர் வாங்கக் கூடாதா என்பீர்கள். லாச்சியில் ஏழு கிடக்கின்றன, ஏழும் சதுரத்தை வட்டமாக்குபவை; எனக்கு வேண்டியது வட்டத்தைச் சதுரமாக்குவது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றைச் செருகிப் பார்த்தேன். பாரம் தாங்காமல் சுவரிலிருந்து தொங்கியது. சீரகப் போத்தலை முட்டுக் கொடுத்தேன். அன்றிரவு குழம்புக்குச் சீரகம் எடுத்த மனைவி, விசிறியையும் கம்பைலையும் சேர்த்தே நிறுத்தினாள். (கணினியின் பற்றரி எப்போதோ செத்துவிட்டது.)

எங்கே விட்டேன்? இரண்டு அடுப்படியில். இத்தனை நாள் சண்டை வராததற்குக் காரணம் ரொசெட்டா. இன்டெல் நிரலை எம்1க்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் துபாஷி. அவர் தயவில் பழையதெல்லாம் ஓடிக்கொண்டே இருந்ததால், பழையது இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. ஆனால் அவருக்கும் ஒரு கண்டிப்பு: முழு நிரலும் இன்டெல் என்றால் பெயர்ப்பார், பாதி இது பாதி அது என்றால் கையை விரித்துவிடுவார். கண்டி மார்க்கெட்டில் "மாத்தயா, இந்த லீக்ஸ் கட்டு கீயத?" என்று ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி பேசினால் லீக்ஸ் கிடைக்கிறது. இந்தச் சில்லுக்கு அந்த நாகரிகம் கிடையாது.

மூன்று கட்டளை என்றேன். முதலாவது 'ஃபைல்': ஒவ்வொரு நூலகத்தையும் நிறுத்தி, நீ எந்தச் சாதி என்று கேட்கும் அசிங்கமான வேலை. ஜீடால் சுத்தம். ஜியோஸ் சுத்தம். உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் இறக்கும் புரொஜ் மட்டும் பழைய அடுப்படியிலிருந்து வந்திருந்தது. இரண்டாவது, பில்ட் கோப்புறையை அடியோடு அழிப்பது. நூலகங்களைத் தேடித் தரும் சீமேக், ஒருமுறை கண்டுபிடித்த இடத்தைத் தன் கேஷில் குறித்து வைத்துக்கொள்ளும். நாம் சரியான இடத்தைக் காட்டினாலும், கல்யாண வீட்டில் மரியாதை குறைந்த சித்தப்பாவைப்போலப் பழையதையே பேசும். மூன்றாவது, ஒப்ட்-ஹோம்புரூவைக் காட்டி மறுபடி கம்பைல் செய்வது.

அதிகாலை இரண்டு மணிக்குக் கியூஜிஐஎஸ் திறந்தது. சத்தம் போட்டு மனைவியை எழுப்பினேன். பழைய நில அளவைத் தாளிலிருந்த எண்களை இட்டு, வீட்டைக் காட்டு என்றேன்.

கடல். சுற்றிலும் கடல்.

இங்கேயும் அதே கதை. நம் நாட்டின் பழைய கந்தவல ஆள்கூற்று முறையும் 1999 முறையும் பீதுருதாலகால மலையிலிருந்துதான் அளக்கின்றன. ஆனால் பழையது அந்த மலைக்குக் கிழக்கு 200,000, வடக்கு 200,000 மீற்றர் என்று எண் இட்டது. புதியது இரண்டுக்கும் 500,000 இட்டது. பழைய எண்ணைப் புதிய முறையில் கொடுத்தால் வீடு 300 கிலோமீற்றர் மேற்கேயும் 300 கிலோமீற்றர் தெற்கேயும் போய்விடும். குமரிமுனைக்குத் தெற்கே நடுச்சமுத்திரம்.

"பெரிய ஹோல்தான்" என்றாள் மனைவி, கண்ணைக் கசக்கியபடி.

காலையில் படத்தை மச்சானுக்கு அனுப்பினேன். நெடுநேரம் பார்த்திருக்கிறார். பிறகு அழைத்தார்: "அத்தான், போட் எங்க ஏறுறது, குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட்லயா?"