பல்விளக்கவியல்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

தமிழில் 'விளக்கு' என்ற வினைக்கு இரண்டு வேலைகள். புரியாததைப் புரியவைப்பது ஒன்று. அழுக்கானதைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவது மற்றொன்று. வாத்தியார் பாடத்தை விளக்குகிறார், அம்மா பித்தளைக் குடத்தை விளக்குகிறாள். பல்லை எப்படி விளக்குவது என்பதை ஊருக்கு விளக்குவதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அரசாங்கக் காகிதங்களில் அதன் பெயர் வாய்நலக் கல்வி. இவ்வளவு பெரிய காரியத்துக்கு இந்தப் பெயர் போதாது என்பதால் இக்கட்டுரை அதைப் பல்விளக்கவியல் என்றே குறிப்பிடும்.

ஆய்வுக்களம் எங்கள் வீட்டுக் கிணற்றடி. கிணற்றின் மேல் கம்பிவலை விழுந்து, குழாயும் வாஷ்பேசினும் வந்து வெகுகாலமாகிறது; பெயர் மட்டும் கிணற்றடிதான். ஆய்வுக்கு உட்பட்டோர் பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா, ஏழாவது படிக்கும் அக்கா மகன். ஒப்பீட்டுக் குழுவாகப் பக்கத்து வீடு எடுத்துக்கொள்ளப்பட்டது; நடுவில் உள்ள மதில் குட்டையானது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. அம்மாவின் ஒப்புதல் கேட்டும் கிடைக்கவில்லை.

முதலில் மொழிச் சிக்கலைத் தீர்த்துவிடலாம். ஊருக்கு ஊர் நாம் பல்லை விளக்குகிறோம், தேய்க்கிறோம், துலக்குகிறோம். மூன்றுமே பாத்திரத்திலிருந்து வாய்க்குக் கடன் வாங்கிய சொற்கள். பல் மருத்துவர்கள் கேட்பது வேறு. பிரஷ்ஷை ஈறோரத்தில் 45 பாகை சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், இருந்த இடத்திலேயே மெல்ல மெல்ல அசைக்க வேண்டும். 2 நிமிடம் ஆகும். சார்லஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பெயரால் இது பாஸ் முறை எனப்படுகிறது. எங்கள் சித்தப்பாவோ 'தேய்' என்ற சொல்லுக்கு உண்மையாக நடப்பவர். அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்க்கும் வேகத்தில் இடமும் வலமுமாக நாற்பது வருடம் தேய்த்ததில், கோரைப்பல்லின் கழுத்தில் வாய்க்கால் வெட்டியதுபோல் ஒரு பள்ளம். ஐஸ் தண்ணீர் பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். 'பல் வருடுதல்' என்று சொல்லை மாற்றிப் பார்க்கலாமே என்றேன். "அது என்ன கன்னுக்குட்டியாடா, வருடிக் குடுக்க?" என்றார். கலைச்சொல்லாக்கம் அத்துடன் கைவிடப்பட்டது.

அடுத்து, பள்ளிக்கூடத்துப் பல் முகாம். அது நடப்பது உலக வாய்நல நாளான மார்ச் 20இல். குழந்தைக்குப் பாற்பல் 20, முதுமையிலும் சொந்தப் பல் 20 மிஞ்ச வேண்டும், நடுவில் உள்ளவர்களுக்குப் பல் 32, சொத்தை 0. இவற்றைக் கூட்டிக் குழைத்து மூன்றாம் மாதம் இருபதாம் தேதி என்று எடுத்திருக்கிறார்கள். எண்கணித ஜோதிடரிடம் கேட்டிருந்தால்கூட இவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டார். முகாமுக்கு ஒரு ராட்சதத் தாடையும் முழங்கை நீளப் பிரஷ்ஷும் வந்து இறங்கும். எங்கள் அக்கா மகன் போன வருடம், "இது யாரோட பல்லு சார்?" என்று கேட்டு வரிசையின் கடைசிக்கு அனுப்பப்பட்டான். நியாயமான கேள்வி. மேஜைமேல் திறந்து கிடக்கும் தாடைக்குக் கன்னம் இல்லை, நாக்கு இல்லை, பள்ளிக்கூட வேன் வந்துவிட்டது என்ற பதற்றம் இல்லை. அதைத் துலக்க யாராலும் முடியும். பிறகு பரிசோதனை. தமிழின் 12 உயிரெழுத்துகளில் பல் மருத்துவத்துக்குத் தேவைப்படுபவை இரண்டே: ஆ, ஈ.

முகாமின் சுவரொட்டியை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். அதில் கொம்பு முளைத்த பச்சைக் கிருமி ஒன்று கடப்பாரையால் பல்லை இடிக்கும். பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை பாபிலோனியா காலத்திலேயே இருந்தது. நம் ஊரிலும் கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, புகையை வாயில் பிடித்துப் 'பூச்சி' எடுத்திருக்கிறார்கள். 1728இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபொஷார் புழுக் கதையை மறுத்தார். 1890இல் வில்லோபி மில்லர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் நாம் தின்னும் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, பல்லைக் கரைப்பது அந்த அமிலம்தான் என்று விளக்கினார். கடப்பாரை எதுவும் இல்லை. நாம் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுக் கிருமி கழிப்பதுதான் அமிலம். இதைப் படமாக வரைவது கடினம் என்பதால் பழைய புழுவுக்கே கொம்பு வைத்து விட்டார்கள் என்று கருத இடமிருக்கிறது.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். பழுப்பேறிய பல்லைக் காட்டி, 'சோம்பேறியின் பல்' என்று பாடம் நடத்துவது வழக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தப் பாடம் செல்லாது. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல் உருவாகும் வயதிலேயே எனாமலுக்குள் கறை இறங்கிவிடும், எந்தப் பிரஷ்ஷாலும் போகாது. இதே ஃபுளோரைடைத்தான் 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் சொத்தையைத் தடுப்பதற்காகக் குடிநீரில் அளந்து கலந்தார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் காவலாக நிற்பது, 1.5ஐத் தாண்டிப் போகப் போக ஆளையே கெடுக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேண்டியது ஒகேனக்கல் தண்ணீர், அறிவுரை அல்ல. இந்தப் பத்தியில் மட்டும் ஆய்வாளருக்கு விளையாட்டு வரவில்லை.

கிணற்றடிக்குத் திரும்புவோம். இவ்வாய்வின் மையக் கருதுகோள் இதுதான்: நம் வீடுகளில் பல் துலக்குதல் என்பது பல்லைப் பற்றியதே அல்ல. அது காபிக்கான நுழைவுச்சீட்டு. 'பல் தேய்க்காமல் காபி கிடையாது' என்பது எந்தச் சட்டமன்றமும் இயற்றாத, எந்த வீட்டிலும் மீற முடியாத சட்டம். பல் மருத்துவரின் எதிரி சாப்பாடு; நம்முடைய எதிரி தூக்கம். அவர் தின்றபின் துலக்கச் சொல்கிறார், நாம் தின்பதற்கு முன் துலக்குகிறோம். நாக்கு வழிக்கும் சத்தம் நாலு வீடு கேட்க, அப்பா ஒரு செம்புத் தண்ணீர் முழுக்கக் கொப்பளித்து முடிப்பார். துப்பினால் போதும், கொப்பளித்தால் பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடு போய்விடும் என்று இங்கிலாந்தில் சொல்லித் தருகிறார்களாமே என்றேன். "அவங்க வேற எங்கேயும்தான் தண்ணி எடுத்துக்கறதில்லே" என்றார். விவாதம் அங்கே முடிந்தது.

இப்படிச் சுத்தமான வாயில் இறங்குவது இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி. சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலம் ஏறி, பிஎச் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் வந்து சரிசெய்ய அரைமணி, ஒரு மணி ஆகும். சர்க்கரையின் அளவைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். ஒரு லட்டை ஒரேயடியாகத் தின்றவன், ஒரு கடலைமிட்டாயை மத்தியானம் முழுக்கக் கடித்துக்கொண்டிருப்பவனைவிடப் புத்திசாலி. தூங்கும்போது உமிழ்நீர்ச் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் இரவுத் துலக்கலை அவ்வளவு வற்புறுத்துகிறார்கள். ஆனால் இரவுத் துலக்கலுக்குப் பின்னால் காபி இல்லையே! சுங்கச்சாவடி இல்லாத சாலையில் எவன் வண்டியை நிறுத்துவான்?

ஆகவே செயற்கையாக ஒரு சாவடி அமைக்கப்பட்டது. பல் தேய்த்தால்தான் வைஃபை என்று அக்கா மகனுக்கு ஆணை. முதல் வாரம் முழு வெற்றி; தினமும் பிரஷ் ஈரமாக இருந்தது. எட்டாம் நாள், குழாயடியில் பிரஷ்ஷை மட்டும் நனைத்துவிட்டு ஓடும்போது பிடிபட்டான். ஈரத்தை இனி தரவாக ஏற்பதற்கில்லை. அப்பாவிடம் போனால், "விளக்கையெல்லாம் அணைச்சாச்சு, இப்ப வந்து எதை விளக்கச் சொல்றே?" என்றார். அம்மா இரவுக்கென்று வாங்கிய புதுப் பிரஷ்ஷைக் கொலுசு தேய்க்க எடுத்துக்கொண்டாள்; 3 மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்ற வேண்டும் என்ற விதி, பதவி உயர்வு கொடுத்து நிறைவேற்றப்பட்டது.

எஞ்சியவர் பாட்டி. ஆய்வில் சேர்க்கும்போதே, சொந்தப் பல் ஒன்றுகூட இல்லாதவரை எதற்கு என்று அக்கா கேட்டாள். ஒருநாள் இரவு பத்து மணிக்குக் கிணற்றடியில் குழாய்ச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பாட்டி பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளும் புறமும், இண்டு இடுக்கெல்லாம், அழுத்தாமல், மெல்ல மெல்லப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அலசி, டம்ளர் தண்ணீரில் இறக்கி, மேலே ஒரு தட்டையும் மூடினாள்.

"தினமும் ராத்திரி இப்படியா பாட்டி? அப்ப, சொந்தப் பல் இருந்தப்போ?"

பொக்கை வாயால் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதென்ன காசு குடுத்தா வாங்கினேன்?"