திரைச்சீலைத் திருப்பணி

ராஜா அண்ணாமலைபுரத்தில் அடையாற்றுக் கழிமுகம் தெரியும் பால்கனிக்குத் தனி விலை. கொடுத்து வாங்கியவர்கள் முதல் வேலையாகத் திரை மாட்டுவது மிகச் சரி. பார்க்கப் பார்க்கக் காட்சி தேய்ந்துவிடாதா?

கடையில் வாங்குவது பாவம். பாட்டியின் ஒன்பது கஜம் எதற்கு இருக்கிறது? எட்டே சொச்சம் மீட்டர். மூன்றாக வெட்டினால் கழிமுகம் முழுக்க மறையும். ஜரிகைக் கரை ஓரத்தில் ஓட, முந்தானை தரையைக் கூட்டும். வீட்டிலேயே தைத்தது என்று சொல்லிக்கொள்ள, தையல்காரரை வீட்டுக்கு வரவழைத்தால் போதும். கூலி கடைத் திரையைவிட அதிகம்தான். சுற்றுச்சூழலுக்காக இதுகூடவா செய்யமாட்டோம்?

இந்தக் கலையில் நமக்கு முன்னோடிகளும் உண்டு. 2023 செப்டம்பரில் ஜி20 தலைவர்கள் டெல்லிக்கு வந்தபோது, சாலையோரக் குடிசைகளைப் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். வறுமை ஒழிப்பில் மீட்டர் கணக்கில் முடிந்த திட்டம் அது ஒன்றுதான்.

இங்கே இருட்டிய ஹாலில் இப்போது 65 அங்குல டிவியில் கடலலை ஓடுகிறது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாம். டிவிக்கும் ஒரு திரை தைக்கலாம் என்கிறார்கள். பாட்டி கட்டியிருப்பது இன்னும் மிச்சமிருக்கிறது.