லேமினேஷன் போட்ட மாப்பிள்ளைக்கு

வாங்க மாப்ளே. முப்பாட்டன் கிரயப் பத்திரத்தை உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுட்டு வந்திருக்கீகளாமே! எழுமலைக்கே பெருமை. நாளைக்குக் கோர்ட்டுல முத்திரைத்தாள் நிசமான்னு தடவிப் பாக்கணும்னா, வக்கீல் பிளாஸ்டிக்கைத்தான் தடவணும். சூட்டுல ஒட்டுனது ஒட்டுனதுதான். பிரிச்சா தாளும் சேர்ந்து வந்துரும்.

அசல் எதுக்கு, அதான் போன்ல போட்டோ இருக்கேங்கிறீக. அந்தப் போன் போன மழைக்குக் கிணத்துல விழுந்ததை நான் யார்கிட்டயும் சொல்லல.

முப்பது வருசம் தாண்டுன அசலுக்குக் கோர்ட்டுல தனி மரியாதை உண்டு மாப்ளே. எழுதுனவனும் சாட்சியும் மண்ணுக்குள்ள போயிருந்தாலும், அது அவுக கையெழுத்துதான்னு நீதிபதி எடுத்துக்கிடலாம். பழைய சாட்சியச் சட்டத்துல 90ஆம் பிரிவு. 2023ல வந்த புதுச் சட்டத்துலயும் முப்பது முப்பதாத்தான் இருக்கு. ஆனா ஒரு கொக்கி: தாளு இருக்க வேண்டிய ஆளுகிட்ட இருந்து வரணும். உங்க பாகப்பிரிவினைச் சீட்டு கொழுந்தியா வீட்டுப் பரண்ல கிடக்கே, அது அங்க எப்படிப் போச்சுன்னு நீதிபதி கேட்டா என்ன சொல்லுவீக? விருந்துக்குப் போயிருக்குன்னா?

பதிஞ்ச பத்திரம் தொலைஞ்சா சார்பதிவாளர் ஆபீசுல நகல் வாங்கிரலாம். பதியாத சீட்டு, புரோநோட்டு, தாத்தா கைப்பட எழுதுன கணக்கு இதுக்கெல்லாம் எங்க போய் நிப்பீக? 1979ல ஆரம்பிச்ச யூடிஆர் நிலப்பதிவுத் திருத்தத்துல பட்டா ஆள் மாறி ஏறுன கதை இந்தப் பக்கம் கொஞ்சமா? பழைய தாளு வச்சிருந்தவன் மனுப் போட்டான். வைக்காதவன் வரப்புல நின்னு கத்துனான்.

பெரிய செலவு ஒண்ணுமில்ல. துருப்பிடிச்ச குண்டூசியைப் பிடுங்குங்க. வெள்ளை வேட்டித் துணியில சுத்தி, சுவத்தை ஒட்டாம வைங்க. வருசம் ஒருக்கா நிழல்ல காத்தாட விடுங்க. மடிப்புலதான் தாளு கிழியும், அதனால நாலா மடிச்சு மஞ்சப்பைக்குள்ள திணிக்காதீக. மஞ்சப்பை கருவேப்பிலைக்கு.

நம்ம பக்கம் காகிதத்தை ஒழுங்கா வச்சவன் யாரு தெரியுமா? வெள்ளைக்காரன். அதுவும் நம்ம கைரேகையை. குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன சனத்தை 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர்ல சுட்டான். மாயக்காள்ங்கிற பொம்பளையாளோட சேத்து 16 பேரு போனாக. நம்மளைத் திருடன்னு எழுதுன தாளுக்கு அவன் பைலு போட்டு, நம்பர் போட்டு, பீரோவுல வச்சான். நாம யாருன்னு சொல்ற தாளை நாம அடுப்புக்கு வச்சோம்.

ஆசைக்கு வச்சவரும் ஒருத்தர் இருந்தாரு. காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல ரோஜா முத்தையா. போர்டு எழுதுற தொழில். புத்தகத்தோட நோட்டீசு, கல்யாணப் பத்திரிகைன்னு சேத்தாரு பாருங்க, லட்சத்தைத் தொட்டுச்சாம். அவுக வீட்டுல என்ன பேச்சு வாங்குனாரோ! 1992ல அவரு கண்ணை மூடினதும் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலை கொடுத்து வாங்கி, 1994ல மெட்ராசுலயே நூலகமாக்கிருச்சு. உங்க கல்யாணப் பத்திரிகை உங்ககிட்ட இருக்கா? கேட்டா அத்தாச்சியைக் கைகாட்டுவீக.

இப்ப ஊர் வரலாறு காக்க இளவட்டங்க சங்கம் வச்சிருக்கீக. ரப்பர் ஸ்டாம்பு ரெடி, லெட்டர்பேடு ரெடி, பொன்னாடை ரெடி. சங்கத்துத் தீர்மான நோட்டும் வரவு செலவு நோட்டும் எங்கன்னு கேட்டா பழைய பொருளாளர் வீட்டுலன்னு முனகுறீக. அதை நினைச்சுக் கவலைப்படாதீக மாப்ளே. சங்கத்துல அவரு வாங்குன கடன் அந்த நோட்டுலதான் எழுதியிருக்கு. கரையான் கண்ணுலகூடப் படாம வச்சிருப்பாரு.