சதவீதப் பிரபு

சென்னைப் பட்டணத்தில் ஒருவர் தனவந்தரா அல்லரா என்று தெரிந்துகொள்வதற்கு முன்னெல்லாம் அவருடைய மோட்டாரின் நீளத்தை ஒரு முறை கண்ணால் அளந்தால் போதுமானதாக இருந்தது. இப்போது நம்பர் பலகையின் நிறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தும், இரண்டரை டன் சரீரமும், எதிரே வருகிறவரைத் தானாக ஒதுங்க வைக்கும் முகமும் படைத்திருந்தும், மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லாமல் ஒரு வாகனம் நுங்கம்பாக்கத்துத் தெருவில் தங்களைக் கடந்து போகுமானால், உள்ளே வீற்றிருப்பவர் நான் இங்கே வர்ணிக்கப் புகுந்த பிரபுக்களில் ஒருவர் என்று சந்தேகமின்றி நம்பலாம். மெர்ஸிடிஸ், ஆடி, பி.எம்.டபிள்யூ ஆகிய ஜெர்மன் கம்பெனிகள் 2020, 2021 வருஷங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் மின்சார எஸ்.யூ.வி.க்களை இந்தியாவில் இறக்கிய நாளாக இந்த வர்க்கம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வருகிறது.

எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டால், பூமாதேவியின் க்ஷேமத்துக்காக என்றுதான் ஆரம்பிப்பார். குறுக்கிடாமல் ஐந்து நிமிஷம் பேச விட்டால், மின்சார வாகனத்துக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. வெறும் 5 சதவீதம்தான் என்பதும், வாங்கியபோது தமிழ்நாட்டில் சாலை வரியும் கிடையாது என்பதும், இதே தரத்தில் ஒரு டீஸல் வண்டி வாங்கியிருந்தால் எத்தனை லட்சம் வீணாகியிருக்கும் என்பதும் வரிசையாக வெளிவரும். பூமாதேவி அதற்குப் பிறகு அந்தச் சம்பாஷணையில் தலைகாட்டுவதில்லை.

புது வண்டியைப் பிள்ளையார் கோயிலுக்குப் பூஜைக்குக் கொண்டுபோகிற வரையில் அவரும் மற்றவர்களைப் போன்ற பக்தரே. சிக்கல் சந்நிதியில் தொடங்குகிறது. "சாவியைக் கொடுங்கோ, சுவாமி பாதத்திலே வெச்சுத் தரேன்" என்று அர்ச்சகர் தட்டை நீட்டுவார். சாவி என்ற வஸ்து வீட்டுப் பீரோவில் இருக்கிறது. வண்டியைத் திறப்பதும் கிளப்புவதும் கையிலுள்ள போன். பிரபு இதைச் சற்றுப் பெருமையுடனேயே விளக்க, எத்தனையோ வாகனங்களைப் பார்த்துவிட்ட அர்ச்சகர் சிறிதும் திகைக்காமல், "அப்போ போனையே வையுங்கோ" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போவார். அர்ச்சனை பாதி நடந்துகொண்டிருக்கையில், டெலிவரி கொடுத்த விதம் திருப்தியாக இருந்ததா, பத்துக்குப் பத்து மார்க் போடுவீர்களா என்று விசாரிக்க ஷோரூமிலிருந்து வரும் அழைப்பு, விக்னேசுவரருடைய பாதாரவிந்தங்களில் கிடந்து அதிரும். அடுத்தபடியாக, "பானெட்டைத் தூக்குங்கோ, எஞ்சினுக்குச் சந்தனம் வைக்கணும்" என்பார். எஞ்சின் கிடையாது, போதாக்குறைக்கு, அந்த வண்டியின் பானெட்டை உடையவரே திறக்க வழியில்லாமல், கம்பெனி ஆள்தான் வந்து திறக்க வேண்டுமென்று செய்திருக்கிறார்கள். முகப்பிலுள்ள முத்திரை வில்லையைத் தூக்கினால், கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு வாய் மட்டும் தென்படும். ஆகவே சந்தனமும் குங்குமமும் அந்த வாயின் மூடிக்கே கிடைக்கும். எலுமிச்சம்பழம் நசுக்கும் கைங்கரியத்தில் மாத்திரம் இரண்டரை டன் வாகனத்துக்கு இணை வேறில்லை.

அன்றிலிருந்து அவர் காலத்தை மணியாலும் தூரத்தைக் கிலோமீட்டராலும் அளப்பதை விட்டுவிட்டுச் சகலத்தையும் சதவீதத்தால் அளக்க ஆரம்பிக்கிறார். அண்ணா நகரிலிருந்து மயிலாப்பூர் போய் வந்தால் 6. மாமல்லபுரம் போய் வந்தால் 30. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் தாயாரைப் போல், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் இடது கையால் போனை எடுத்து எண்ணைப் பார்த்துக்கொள்கிறார். "என்னங்க, அத்தைக்குக் காலையிலே சுகர் எவ்வளவு இருந்துச்சு?" என்று மனைவி கேட்டால், தலை நிமிராமல், "ஐம்பத்தெட்டு" என்று பதில் வரும். அந்த அம்மாள் பதறியடித்துக்கொண்டு மாமியாரின் வாயில் சர்க்கரையைப் போட்ட பிறகுதான், அது பேட்டரியின் கணக்கு என்பது புலப்படும்.

வியாபாரத்தில் லட்சங்களை அலட்சியமாகத் தள்ளிவிடுகிற மனிதர், ஒரு யூனிட் எட்டு ரூபாயா பத்து ரூபாயா என்பதில் காட்டும் சிரத்தை இருக்கிறதே, அதைக் கண்ணால் கண்டால்தான் நம்ப முடியும். "கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாதான் சார் ஆவுது, டீஸலா இருந்தா ஒம்பது" என்பார். கணக்கில் பிழையில்லை. கிலோமீட்டருக்கு 7 ரூபாய் வீதம் லட்சம் கிலோமீட்டர் ஓட்டினால் 7 லட்சம் மிச்சம். வண்டியின் விலையோ ஒரு கோடிக்கு மேல். ஆயினும் அந்தக் கோடியைச் சம்பாதித்தபோதுகூட அவருக்கு இவ்வளவு ஆனந்தம் உண்டாகியிராது என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஆனந்தத்துக்குக் குறுக்கே நிற்பது குடியிருப்போர் சங்கம். அடித்தளத்துக் கார் நிறுத்தத்துக்குத் தமது சொந்த மீட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துக்கொள்ளப் பிரபு கொடுத்த விண்ணப்பம், தீப்பிடிக்காதா, இடி விழாதா, இன்றைக்கு இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்க மாட்டார்களா என்ற ஆட்சேபணைகளையெல்லாம் தாண்டிக் கரையேறிய பின்னரும், பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பொருளாளரின் மனம் மட்டும் சமாதானம் அடையவில்லை. "தப்பா நினைச்சுக்காதீங்க சார். போன தடவை காமன் கரன்ட் பில்லு ஜாஸ்தி வந்திருக்கு. நீங்க வண்டி எடுத்ததும் அப்பத்தான்" என்று லிப்டுக்குள்ளே வைத்து மிருதுவாகச் சொல்லுவார். கோடி ரூபாய் வாகனத்துக்கு உடையவர் பொதுக் கரன்ட்டைத் திருடுகிறார் என்று சந்தேகிக்கப்படுவது சாதாரண அவமானமா? அதற்காக, தினமும் தமது தனி மீட்டரைப் போட்டோ எடுத்துச் சங்கத்து வாட்ஸப் குழுவில் போடுகிறார். பொருளாளரும் தம் பங்குக்கு, இரவு பதினொரு மணிக்கு டார்ச் விளக்குடன் கீழே இறங்கி, சுவரில் பதித்த கேபிளை ஆதியோடந்தமாகத் தொடர்ந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார். அதிகப்படியான கரன்ட்டைச் சாப்பிட்டது, நாள் முழுவதும் நிறுத்தாமல் ஓடிய சம்ப் மோட்டார் என்பது பிற்பாடு தெரிந்தது.

ஊருக்குள் இவ்வளவு என்றால், வெளியூர்ப் பிரயாணத்தைக் கேட்க வேண்டாம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மாமனார் வீடு. ஒரு தடவை நிரப்பினால் நானூறு கிலோமீட்டர் ஓடக்கூடிய வண்டிக்கு அது ஒரு தூரமேயல்ல. ஆனால் திரும்பி வருவதற்கும் வேண்டுமே என்ற தீர்க்காலோசனையுடன் விக்கிரவாண்டிக்கு அருகே ஓர் ஓட்டலில் வண்டியைத் திருப்புகிறார். அங்கே சார்ஜ் போடும் கன் இரண்டு, ஒன்று ரிப்பேர். மற்றதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாடகைக் கார் நிற்கிறது. அதுவும் பச்சைப் பலகைதான், எழுத்து மட்டும் மஞ்சள். பிரபு அருகே போய்த் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்தபடியே, "இன்னும் நாப்பது நிமிசம் ஆவும் சார், போயி டிபன் சாப்டுட்டு வாங்க" என்கிறார். எந்த ஓட்டலிலும், எந்த ஆஸ்பத்திரியிலும், ஏன், எந்தக் கோயிலிலும் வரிசையில் நின்று பழக்கமில்லாத மனிதர், காலைத் தோசைக்குப் பிறகு இரண்டாவது தோசையும் சாப்பிட்டுவிட்டு அந்த வேப்பமரத்தடியில் வந்து நிற்கும் காட்சியைப் பார்த்தால், எந்தச் சமதர்மப் பிரசங்கமும் சாதிக்காததை ஒரு பிளக் சாதித்துவிட்டது என்று தோன்றும்.

மெதுவாகப் பேச்சு வளர்கிறது. டிரைவர் ஒரு நாளில் ஓட்டுவதைப் பிரபு ஒரு வாரத்தில் ஓட்டுவதில்லை. ஆகையால் குரு யார், சிஷ்யர் யார் என்பது சீக்கிரமே தீர்மானமாகிவிடுகிறது. "எம்பதுக்கு மேல சொட்டுச் சொட்டாத்தான் சார் ஏறும், காத்துக்கிட்டு நிக்காம எடுத்துக்கிட்டுக் கிளம்பிருங்க" என்பது முதல் உபதேசம். "ஏசிய எதுக்கு சார் அமத்துறீங்க? அது ஒண்ணும் பெருசாக் குடிக்காது. ஸ்பீடைக் கொறைங்க" என்பது இரண்டாவது. பின்சீட்டில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி, கண்ணாடியை இறக்கி, அந்தப் புண்ணியவானை மனமார வாழ்த்துகிறாள். அப்பால், நானூறுக்கு மேற்பட்ட குதிரைச் சக்தியுள்ள அந்த வாகனம் இடது ஓரமாக எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போக, கும்பகோணம் பஸ் ஒன்று ஹாரனடித்துக்கொண்டே அதை முந்திச் செல்கிறது. ஐந்து விநாடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடியது என்று விருந்துண்டு வந்தவர்களைப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏற்றிச் சென்று, உண்ட ரசத்தை அவர்கள் நாவில் மறுபடி உணரச் செய்த வாகனமும் இதுவேதான்.

வழியில் நெய்வேலி வருகிறது. தம் வண்டி குடிப்பது முப்பந்தல் காற்றாலையின் மின்சாரம் என்று யாரிடமும் சொல்லிக்கொள்வது பிரபுவின் வழக்கம். காற்றாலை மின்சாரத்தில் தமிழ்நாடு பேர்போனது என்பதும் மெய்தான். ஆனால் பழுப்பு நிலக்கரி அனல் நிலையத்தின் புகைபோக்கிகள் தொலைவில் தெரியத் தொடங்கியதும், அவருடைய கவனம் சாலையின் மறுபக்கத்து முந்திரித் தோப்பில் லயித்துவிடுகிறது.

மாமனார் வீட்டில் இருப்பது பதினைந்து ஆம்பியர் பிளக் ஒன்று. அதிலிருந்து அந்த வண்டி முழுவதும் நிரம்ப ஒன்றரை நாளுக்கு மேல் பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு முறை வந்து, காப்பி ஆறுவதற்குள் புறப்பட்டுவிடும் மாப்பிள்ளை இப்போது இரண்டு ராத்திரி தங்குகிறார் என்பதில் மாமியாருக்குண்டான சந்தோஷம் சொல்லி முடியாது. கிரைண்டரும் போர் மோட்டாரும் அதுவரை ஓய்வெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தச் சந்தோஷத்துக்கு விலை. மாமனாரின் கவலை வேறு. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. அந்த நூறும் ஒரே விஜயத்தில் போய்விடும் என்று அறிந்த அவர், "மாப்பிள்ளை, பஸ்ஸிலே வந்தா இன்னும் சுகமா இருக்குமே" என்று ஒரு முறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்.

இத்தனைக்கும் நடுவே, தாம் ஒரு புதுயுகத்தின் முன்னோடி என்ற எண்ணம் மட்டும் அவரை விட்டு அகலுவதில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் கடந்த மோட்டார், 1899-இல் பிரான்ஸில் கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் ஓட்டிய மின்சார வண்டிதான் என்பதையோ, பெட்ரோல் காரை ஊரெங்கும் பரப்பிய ஹென்றி போர்டின் மனைவியே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற பேட்டரி காரில்தான் சவாரி செய்தாள் என்பதையோ அவரிடம் சொல்லிப் பயனில்லை. வண்டியின் செயற்கை ஒலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஹாலிவுட் சங்கீத வித்வான் ஹான்ஸ் ஸிம்மரைக் கொண்டு பி.எம்.டபிள்யூ கம்பெனி தன் மின்சார வண்டிகளுக்கு ஒலி அமைத்தது உண்மை. ஆயினும் அவருடைய தெரு முனையில் படுத்திருக்கும் நாய் அந்தச் சங்கீதத்துக்கு இன்றுவரை எழுந்திருந்ததில்லை. வாட்ச்மேன் இறங்கி வந்து கையைத் தட்ட வேண்டியிருக்கிறது.

பேட்டரிக்குள் தண்ணீர் புகவே புகாது என்று படம் போட்டு விளக்குவதிலும் அவர் வல்லவர். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்ததும், வேளச்சேரி மேம்பாலத்தில் ஓரமாக நிற்கும் முதல் பச்சைப் பலகை அவருடையதாகத்தான் இருக்கும்.

தங்களுக்கு இப்படியொரு சிநேகிதர் இருந்து, "வாங்களேன், நம்ம வண்டியிலேயே போயிடலாம்" என்று கல்யாணத்துக்கு அழைத்தால், தயங்காமல் ஏறிக்கொள்ளுங்கள். அவ்வளவு சுகமான பிரயாணம் வேறெதிலும் கிடைக்காது. முகூர்த்தம் காலையில் என்றால் மட்டும், முந்தின ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள்.