மென்மை என்னும் பாவம்: ஸ்பிரிங்வெளியை முன்வைத்து ஒரு விசாரணை

ஆண் ஆணாக இருக்க வேண்டும் என்பதில் பழைய கத்தோலிக்க மரபுக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது. ஆண் மென்மைப்பட்டுப் பெண்ணைப்போல ஆவது குற்றம். அதற்குப் பெண்மைத்தனம் என்று பெயர். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில் இறையாட்சியில் பங்கில்லாதவர்களை வரிசைப்படுத்தும்போது, திருடர், குடிவெறியர் ஆகியோரோடு மென்மைக்காரரையும் சேர்த்தே நிறுத்துகிறார். இன்று கைப்பேசியில் ஆண்மை உபதேசம் செய்யும் பக்தர்கள் தாடி, இறைச்சி, பளு தூக்குதல் ஆகிய மூன்றையும் இதற்கு மருந்தாகச் சொல்கிறார்கள். பவுல் மூன்றில் ஒன்றையும் எழுதவில்லை. அவருக்கு நினைவு வராமல் போயிருக்கலாம்.

குற்றம் இன்னதென்று தெரியாமல் தீர்ப்பு எழுதுவது முறையல்ல. இதற்கு இலக்கணம் வகுத்தவர் புனித தோமா அக்குவினாஸ். 1274இல் இறந்த இந்த இத்தாலியத் துறவி, தமது இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில், 138ஆம் வினாவில் மென்மையை விசாரிக்கிறார். அந்த வினாவில் குரலைப் பற்றியோ நடையைப் பற்றியோ முகப்பூச்சைப் பற்றியோ பேச்சே இல்லை. கடினமான ஒரு நன்மையைச் செய்ய வேண்டியவன், அதில் சுகம் இல்லையே என்ற வருத்தத்தில் அதைக் கைவிட்டால் அவன் மென்மைக்காரன். பெரிய அடி வாங்கி விழுந்தவன் இதில் சேரமாட்டான். லேசாகத் தொட்டதுமே சரிகிறவன்தான் சேருவான். இதற்கு எதிரான புண்ணியம் நிலைபேறு, அதாவது எடுத்த நல்ல காரியத்தை முடிவுவரை செய்வது.

இந்த மென்மை சிலருக்குப் பழக்கத்தால் வருகிறது, சிலருக்கு இயற்கையாலேயே வருகிறது என்கிறார் அக்குவினாஸ். இயற்கையால் வருவதற்குப் பெண்களை உதாரணம் காட்டுகிறார். அதற்கு அரிஸ்டாட்டிலைச் சாட்சிக்கு அழைக்கிறார். இதற்காக அவரைக் குறை சொல்லக்கூடாது. அவர் நேப்பிள்ஸ், கொலோன், பாரிஸ் ஆகிய இடங்களில் வாழ்ந்தவர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் தேயிலை கிடையாது, ஆகவே தேயிலை பறிக்கும் பெண்களும் கிடையாது.

நமக்கு அந்த வசதி இருக்கிறது. பதுளைக்கு மேலே, நமுனுகுல மலைச்சரிவில் கிடக்கிறது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம். ஊவா மலைகளில் முதலில் கோப்பி இருந்தது. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. பின்பு தேயிலை வந்தது. பயிர் மாறியதே தவிர மலையின் சரிவு மாறவில்லை. நிலைபேற்றைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான நிலம் திருநாட்டில் வேறு இருக்காது.

கொழுந்துக்காரி பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, வருமுன்பே எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வருகிறாள். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக்கயிறு, காலில் அட்டை. நாளுக்கு 18 கிலோ பறித்தால்தான் பல தோட்டங்களில் முழுப்பேர், அதாவது முழு நாட்கூலி; குறைந்தால் அரைப்பேர். முடிவுவரை போகாவிட்டால் புண்ணியம் நிறைவேறாது என்ற அக்குவினாஸின் நிபந்தனையும் இதேதான். தராசுக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு நிற்கும் கணக்கப்பிள்ளை தம்மை அறியாமலே ஒழுக்க இறையியல் நடத்துகிறார். ஒரு புண்ணியத்தைக் கிலோக் கணக்கில் நிறுத்துப் பார்க்கும் வசதி பாரிஸ் பல்கலைக்கழகத்தில்கூட இருந்ததில்லை.

ஆண்களைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். கவ்வாத்து, கான் வெட்டு, மருந்தடிப்பு ஆகியவை விளையாட்டல்ல. கவ்வாத்துக் கத்தியைப் பிடித்த தோளுக்கு அது தெரியும். ஆனால் இவை அளந்து கொடுத்த வேலைகள். வழக்கமாக மத்தியானத்தோடு முடிந்துவிடும்; கொழுந்து மலையோ மாலைவரை போகும். அப்படிப் பிரித்தது தோட்ட நிர்வாகம், ஆகவே நேரத்தோடு வீடு திரும்புவது ஆணின் பாவம் ஆகாது. நம் விசாரணை பிற்பகலில்தான் தொடங்குகிறது. அளவுக்கு மீறி விளையாட்டில் ஆசை வைப்பதும் மென்மையின் கிளையே என்று அதே வினாவில் அக்குவினாஸ் தீர்த்திருக்கிறார். சீட்டுக்கட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தவறணையைப் பற்றிப் பவுல் ஏற்கெனவே எழுதிவிட்டபடியால் இவர் அதற்குள் போகவில்லை.

லயத்துக் காம்பராவில் விறகு பிளக்கக் கிடக்கிறது, தண்ணீர் எடுக்கக் கிடக்கிறது, பிள்ளை அழுகிறது. 'அது பொம்பளை வேலை' என்று ஆண் திண்ணையைவிட்டு எழாமல் இருக்கிறான். நன்மை கண்ணெதிரே இருக்கிறது; அதில் சுகம் இல்லை; ஆகவே விட்டுவிடுகிறான். 138ஆம் வினாவின் இலக்கணத்தில் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. பெண்மைத்தனம் வந்துவிடுமோ என்று அஞ்சி அடுப்படிக்குப் போகாதவன், போகாமல் இருந்ததனாலேயே அதில் விழுந்துவிட்டான். வேறெந்தப் பாவத்துக்கும் இந்தச் சிறப்பு இருப்பதாகத் தெரியவில்லை. 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப்போய்ப் பராமரித்தவர் யோசேப் வாஸ் அடிகள். அதுவும் பொம்பளை வேலைதான். 2015இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

இங்கே சில ஆட்சேபங்கள் எழும். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில், பெண் இயல்பிலேயே வீட்டு வேலைக்கு ஏற்றவள் என்று எழுதியிருக்கிறாரே? எழுதியிருக்கிறார். அவர் அதை எழுதிய வருடத்தில் இந்த மலைகளில் பெண்கள் கூடையோடு நின்றார்கள். சுற்றுமடல் வந்துவிட்டது என்று யாரும் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. அதே மடல், சிக்கனமாய் வாழும் தொழிலாளி பிழைக்கப் போதுமான கூலி வேண்டும் என்றும் சொல்கிறது. அதையும் யாரும் இங்கே கொண்டுவந்து சேர்க்கவில்லை. தபால் தாமதம் என்று வைத்துக்கொள்வோம்.

1930இல் பதினோராம் பத்திநாதர் திருமணம் பற்றிய மடலில், குடும்பத்துக்கு ஆண் தலை, பெண் இதயம் என்றார். ஸ்பிரிங்வெளியில் தலைக்குரிய பிரதான வேலை கூடைக்கயிற்றைத் தாங்குவது. அதைச் செய்வது பெண். மனைவியின் சம்பளத்தையும் சேர்த்து வாங்க மேசைக்குக் கை நீட்டும் வழக்கம் தோட்டங்களில் நெடுநாள் இருந்தது. அந்தக் கை கணவனுடையது. கையைப் பற்றி மடலில் எதுவும் இல்லை. சட்டப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்று ஆனது 1984இல்தான்.

வீரத்தில் தாக்குவது பெரிதா, தாங்குவது பெரிதா என்றும் அக்குவினாஸ் விசாரித்திருக்கிறார். தாங்குவதே பெரிது. தாக்குகிறவன் தன்னை வலியவனாக நினைத்துக்கொள்கிறான், தாங்குகிறவன் தன்னிலும் வலியதன் முன்னால் நிற்கிறான். தாக்குதல் சட்டென்று முடியும், தாங்குவதற்கு நாள் ஆகும். மே முதலாம் தேதி தொழிற்சங்க மேடைகளில் ஆண்கள் தாக்குகிறார்கள். அங்கத்தவர் சந்தா பெருமளவில் பெண்களின் சம்பளத்திலிருந்து போகிறது, அது தாங்குதல். அதே மே முதலாம் தேதியைப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் தொழிலாளரான சூசையப்பர் திருநாளாக்கினார். ஆண்மைக்கு மரபு காட்டும் முதல் உதாரணம் சூசையப்பர். நான்கு நற்செய்திகளிலும் அவர் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. அவர் திருநாளில் ஒலிபெருக்கி வாடகை ஏறிவிடுகிறது.

மென்மையின் உள்வகை ஒன்றும் உண்டு. சிறு உழைப்பையும் தாங்காத செல்லத்தனம் அது. மேலங்கியைத் தூக்கிப் பிடிக்கச் சோம்பி அதைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறவனை அரிஸ்டாட்டில் இதற்கு உதாரணம் காட்டினார். குசினிக்காரனும் அப்புவும் இல்லாமல் ஒரு வேளைச் சோறு தின்ன முடியாத பங்களாத் துரைமாரைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தால் மேலங்கியை விட்டிருப்பார். அக்குவினாஸ் இணைச்சட்ட நூலிலிருந்து, உள்ளங்கால் தரையில் படக் கூசிய பெண் ஒருத்தியை எடுத்துக் காட்டுகிறார். அவளை ஸ்பிரிங்வெளியில் தேடுவது வீண். நாலு மணித் தேநீர் இல்லாமல் கை ஓடாத ஒரு சாம்ராஜ்யத்தை எந்த வகையில் சேர்ப்பது என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும்.

எதிர் உதாரணமும் ஒன்று சொல்ல வேண்டும். 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார அந்த இடத்தை விட்டுவிட்டுப் பதுளைக்கு வந்தார். சுகமான ஆசனத்தை விட்டுச் சிரமமானதைத் தேடிப் போவது மென்மைக்கு நேர் மாறு. இத்தனைக்கும் அவர் அணிந்தது கணுக்கால்வரை தொங்கும் அங்கி. நூற்றாண்டுகளாக ஆண்மையை எங்களுக்குப் போதித்தவர்கள் எல்லாரும் அதையே அணிந்தார்கள், சிலர் பூசை நேரத்தில் லேஸ் வைத்தும்.

ஆகவே தீர்ப்பு இது: பெண்மைத்தனம் என்ற பாவம் ஸ்பிரிங்வெளியில் இருக்கிறது, பெண்களிடம் இல்லை. பங்குச் சுவாமிமாருக்கு ஒரு விண்ணப்பம். இந்தப் பாவத்துக்கான பாவசங்கீர்த்தனத்தை ஞாயிறு பூசைக்கு முன்னால் வைக்க வேண்டாம். அப்போது முன்வரிசையில் பெண்கள்தான் இருப்பார்கள், ஆண்கள் கோயில் வாசலில் நிற்பார்கள். வேலை நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு வையுங்கள். ஆண்கள் எல்லாரும் லயத்தில்தான் இருப்பார்கள். பெண்கள் வரமாட்டார்கள், கடைசி நிறுவை முடிந்திருக்காது.